35 என்று காட்டினால் 35தானா?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. அங்கே நன்னீர் மீனுக்குத்தான் முதல் மரியாதை. கடல் மீன் வைத்திருக்கும் கடைகள் குறைவு. அப்படிப்பட்ட கடைக்குப் புதிதாகத் தொட்டி அமைக்க வருபவர் கண்ணாடிக்குப் பேரம் பேசுவார், விளக்குக்குப் பேசுவார், மீனுக்குப் பேசுவார். உப்பு அளக்கும் கருவியின் பேச்சு பில் போடும் நேரத்தில்தான் வரும். "சார், ஒரு சலைனிட்டி மீட்டரும் எடுத்துக்குங்க" என்று கடைக்காரர் சொல்ல, கைக்கு எட்டிய ஒன்று பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அத்தனை உயிர்களும் அந்தக் கருவி சொல்லும் எண்ணை நம்பித்தான் வாழ வேண்டும்.

கருவியின் விலை என்ன, எண்ணைத் திரையில் காட்டுமா, கண்ணை வைத்துப் பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம் கேட்க வேண்டியவை. தவறான எண்ணைக் காட்டினால் அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? முதலில் கேட்க வேண்டியது இதை. அப்படிக் கண்டுபிடிக்க முடியாத கருவி, என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும் நம்பத் தகுந்ததல்ல.

உலகக் கடல்களின் சராசரி உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை 35 பிபிடி என்பார்கள். எலும்புள்ள கடல் மீன்களின் இரத்தத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளியே உப்பு அதிகம் என்பதால் உடலிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி ஈடுகட்டும். இந்த வசதி இருப்பதால் நீரின் உப்பு ஒன்றிரண்டு பிபிடி முன்னே பின்னே போனாலும் மீன் தாக்குப்பிடித்துவிடும். பவளம், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு இந்த வசதி கிடையாது. வெளியே நீர் எப்படியோ, உள்ளேயும் அப்படியே. ஆகவே நிமோ என்ற கோமாளி மீன் ஜோடி மட்டும் வளர்ப்பவர் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம். பவளம் வளர்ப்பவர் இருக்க முடியாது.

(நம் கடலிலிருந்து உயிருள்ள கல் பவளத்தையோ கடற்குதிரையையோ எடுத்து வந்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிமோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது.)

ஒருமுறை சரியாகக் கலந்துவிட்டால் போதாதா என்றால், போதாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பு அங்கேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வற்றுகிறது என்று வையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் 12 லிட்டர் குறைந்திருக்கும்; 35 இருந்த இடத்தில் 37-ஐத் தாண்டியிருக்கும். கடற்கரையிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொண்டுவருபவர்களுக்கு இதற்கு நேரெதிரான தொல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் வடக்கே ஆறுகள் கொட்டிய நன்னீர் கலந்த நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே இறங்கி வருகிறது. அதோடு இங்கே பெய்யும் மழையும், திறந்துவிடும் முகத்துவாரங்களும். சென்னையை ஒட்டிய கரையோர நீர் அந்த மாதங்களில் 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. "கடல் தண்ணிதானே சார், அளக்க என்ன இருக்கு" என்ற பேச்சு மே மாதத்தில் ஓரளவு செல்லும். டிசம்பரில் செல்லாது.

கடைகளில் அதிகம் விற்பது கையில் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடிப் பட்டகம். அதன்மேல் இரண்டு சொட்டு நீர். மூடியை அழுத்தி வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கினால், உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு ஒரு எண்ணில் நிற்கும். உப்பு கூடக் கூட நீர் ஒளியை அதிகமாக வளைக்கும். அந்த வளைவைத்தான் கருவி அளக்கிறது, உப்பை அல்ல. வளைவை உப்பாக மாற்றிச் சொல்வது உள்ளே அச்சிட்டிருக்கும் அளவுகோல்.

கோளாறு தொடங்குவதும் அந்த அளவுகோலில்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல, சாதாரண உப்புக் கரைசலை அளக்கச் செய்தவை. அதாவது சோடியம் குளோரைடு மட்டும் கரைந்த நீர். கடல்நீரில் அதோடு மெக்னீசியமும் சல்ஃபேட்டும் கால்சியமும் இருக்கின்றன. அவை ஒளியை வளைக்கும் அளவு வேறு. 35 பிபிடி கடல்நீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ, அதே அளவு வளைக்க வெறும் உப்புக் கரைசல் 36.5 பிபிடி இருக்க வேண்டும். ஆகவே உப்புக் கரைசலுக்கான அளவுகோலில் 35 என்று கோடு நின்றால், தொட்டியில் உண்மையில் இருப்பது சுமார் 33.5. வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை, கருவியும் பழுதில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஒன்றரை பிபிடி குறைவு.

அடுத்த கோளாறு பெட்டிக்குள் வைத்திருக்கும் காகிதத்தில். காய்ச்சி வடித்த நீரை விட்டு, திருகாணியைத் திருகிக் கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தச் சொல்கிறது அது. தராசுத் தட்டில் ஒன்றும் வைக்காமல் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதுபோன்ற வேலை இது. ஒரு கிலோ வைத்தால் ஒரு கிலோ காட்டுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கும் கருவி 35-ஐ நெருங்கும்போது இரண்டு மூன்று பிபிடி தவறிப்போவது அரிதல்ல. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் அளக்கப் போகிறோமோ அந்த எண்ணில்தான் சரிபார்க்க வேண்டும். பவளத் தொட்டி வைத்திருப்பவர்களிடையே இதை விளக்கி எழுதிப் பரப்பியவர்களில் அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி முக்கியமானவர். கடல்நீருக்கான 35 சோதனைக் கரைசல் புட்டியில் விற்கிறது. கருவியோடு அதையும் ஒன்று வாங்குவதே முறை. கிடைக்காத ஊரில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் தூள் உப்பு. இந்தக் கரைசலை விட்டால் கோடு 35-இல் நிற்க வேண்டும், கருவி கடல்நீருக்கான அளவுகோல் கொண்டதாக இருந்தால். வெறும் உப்புக்கான அளவுகோலாக இருந்தால் 36.5-இல் நிற்கும். கையில் இருப்பது எந்த ரகம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எந்த ரகமானாலும் திருகாணியைத் திருகி 35-க்குக் கொண்டுவந்துவிட்டால் தொட்டிக் கணக்கு சரியாகிவிடும்.

கல் உப்பு வேண்டாம். அதில் ஈரமும் மண்ணும் உண்டு. அயோடின் கலந்த தூள் உப்பு பரவாயில்லை, அதில் அயோடின் இருப்பது பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். சமையலறைத் தராசு ஒரு கிராம் தவறினால் கரைசல் ஒரு பிபிடி தவறிவிடும், ஆகவே பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு தேவை. நகைக்கடைக்குப் போக வேண்டியதில்லை, இப்போது அவை மலிவாகவே கிடைக்கின்றன.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் ஊர் என்பதால். இந்தக் கருவிகளின் பெட்டியில் ஏ.டி.சி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. உள்ளே ஒரு ஈருலோகத் தகடு வெப்பத்தில் வளைந்து அளவுகோலை நகர்த்துகிறது. அது வேலை செய்வதாகச் சொல்லும் வரம்பு பொதுவாக 10 முதல் 30 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத சென்னை வீட்டுக் கூடம் 30-க்குள் எத்தனை மணி நேரம் இருக்கும்? சில்லர் வைத்துத் தொட்டி நீரை 26-இல் வைத்திருந்தாலும் பயனில்லை. பட்டகத்தின் மேல் விட்ட இரண்டு சொட்டு அரை நிமிடத்தில் கருவியின் சூட்டுக்கு வந்துவிடும். கணக்கில் வருவது அறையின் வெப்பம், தொட்டியின் வெப்பம் அல்ல. அளப்பதை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, அளக்கும் ஒவ்வொரு முறையும் சோதனைக் கரைசலை முதலில் விட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதால் வெப்பத்தின் பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முந்தியது, நீரில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் மிதவை. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களில் பாத்தி நீரை "எத்தனை டிகிரி" என்று கேட்பார்களே, அது பாமே அளவு. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பாமேயின் பெயர், பிரான்சை மறந்து உப்பளத்தில் வாழ்கிறது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. காய்ந்து காய்ந்து 25-ஐத் தொடும்போது உப்பு படியும். உப்பளத்துக்கு அந்த நுணுக்கம் போதும். தொட்டிக்குப் போதாது. ஒரு பாமே டிகிரி என்பது தொட்டிக் கணக்கில் ஏறக்குறைய 10 பிபிடி.

தொட்டிக்கென்று செய்த நீளமான கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வேறு சங்கதி. அதை இன்று பழம்பொருள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதில் திருகாணி இல்லை, மின்கலம் இல்லை, நகரும் பாகம் எதுவுமில்லை. உடையும்வரை அதன் அளவு மாறாது. மற்றக் கருவிகள் தடுமாறும்போது பஞ்சாயத்துக்கு அழைக்கத் தகுந்தது அதுதான். ஒரே நிபந்தனை: எந்த வெப்பநிலைக்குச் செய்தது என்பதைத் தண்டில் படித்துவிட்டு வாங்க வேண்டும். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.6 செல்சியஸுக்குச் செய்த மிதவையை 28 டிகிரி தொட்டியில் விட்டால் ஏறக்குறைய நான்கு பிபிடி குறைத்துக் காட்டும். நம் தொட்டிகளுக்கு 25 டிகிரிக்குச் செய்தது வேண்டும். அதில் 35 பிபிடி நீரின் ஒப்படர்த்தி 1.0264.

பிளாஸ்டிக் டப்பாவுக்குள் முள் ஆடும் மலிவு ரகம் வாங்காமல் இருப்பதே மேல். முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினால் மேலே தூக்கி அதிகம் காட்டும். நாள்பட உப்புப் பொருக்கு படிந்தால் கனத்துக் கீழே இறங்கிக் குறைவாகக் காட்டும். வீட்டுக்காரர் மேலும் உப்பைக் கொட்டுவார்.

டிஜிட்டல் கருவிகளுக்கு வருவோம். திரையில் எண் தெரிந்தால் அது துல்லியம் என்று ஒரு மயக்கம் நமக்கு. மில்வாக்கி எம்.ஏ.887 என்ற கையடக்க டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் உலகெங்கும் விற்பது. அதன் விவரக் குறிப்பில் தயாரிப்பாளர் சொல்லும் பிழை வரம்பு, கூடக் குறைய 2. திரையில் 35 தெரிந்தால் உண்மை 33-லிருந்து 37 வரை எங்கும் இருக்கலாம் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொள்கிறார். இது குறையல்ல, நேர்மை. படிக்காமல் விடுவது வாங்குபவரின் பாடு. மின்கடத்துதிறனை அளந்து உப்பாக மாற்றிச் சொல்லும் பேனா வடிவக் கருவிகளில் ஹன்னாவின் எச்.ஐ.98319-க்கு, 40 வரையிலான அளவுகளில், பிழை வரம்பு கூடக் குறைய 1. மின்கடத்துதிறன் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 2 சதவீதம் மாறக்கூடியது என்பதால், வெப்பமானி உள்ளடங்கிய கருவியாக இருக்க வேண்டும். நீரில் நுழைத்து ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். அளந்தபின் ஆர்.ஓ. தண்ணீரில் கழுவாமல் வைத்தால் முனையில் உப்பு காய்ந்து, அடுத்த வாரமே கருவி வேறு கதை சொல்லும்.

சரிபார்க்க அதே 36.5 கிராம் கரைசலை இதிலும் விடலாமா? கூடாது. மின்கடத்தலில் 35 பிபிடி கடல்நீருக்கு இணையாக நிற்கும் உப்புக் கரைசல் கிலோவுக்கு 32.9 கிராம். மிதவைக்கு இணையானது 37.1 கிராம். ஒளி, எடை, மின்சாரம் என்று மூன்று கருவிகளும் மூன்று வேறு குணங்களை அளக்கின்றன; வெறும் உப்பு அந்த மூன்றிலும் கடல்நீரை ஒரே மாதிரி ஒத்திருப்பதில்லை. கடையில் "35" என்று மட்டும் போட்டு விற்கும் கரைசல் எந்தக் கருவிக்கு என்று கேட்காமல் வாங்கினால் திருத்தப் போய்க் கெடுத்த கதையாகும்.

வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. மெக்கானிக்கின் பையில் இருக்கும் டி.டி.எஸ். பேனாவைத் தொட்டியில் நுழைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேனாக்களின் உச்ச வரம்பு பெரும்பாலும் 9,990 பிபிஎம். கடல்நீர் 35,000.

கருவிகளுக்குள் இவ்வளவு தகராறு என்றால் எது 35 என்று யார் தீர்ப்புச் சொன்னார்கள்? 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-இல் வெளியிட்டார். மொத்த உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதிலுள்ள முக்கியச் சரக்குகளின் விகிதம் எல்லாப் பெருங்கடலிலும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது. ஒரே ஒரு குணத்தை அளந்து முழு உப்பையும் சொல்லிவிட முடிவது இதனால்தான். பிறகு டென்மார்க்கின் மார்ட்டின் க்னுட்சன் முன்னின்று தொடங்கிய ஏற்பாட்டில், அளந்து முத்திரையிட்ட கடல்நீர் கோபன்ஹேகனிலிருந்து உலகின் ஆய்வகங்களுக்கெல்லாம் பல்லாண்டுக் காலம் போனது. ஆய்வாளர்கள் தங்கள் கருவியை அந்த நீரில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் புறப்பட்டார்கள். 1978-இல் வகுத்த நடைமுறை உப்பளவுகோலும் அப்படியே: ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 15 டிகிரி வெப்பத்தில் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதோ, அந்த அளவு கடத்தும் கடல்நீர் 35. ஆய்வகக் கருவியையே ஒரு தெரிந்த நீரோடு ஒப்பிடாமல் நம்புவதில்லை எனும்போது, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க் கருவியை அப்படியே நம்பிவிடுவது விசித்திரம்.

இதில் கடைக்காரர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் பங்கு உண்டு. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் இருப்பதால், பெட்டியில் அதிகபட்ச விலையும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கும். உள்ளே இருக்கும் அளவுகோல் கடல்நீருக்கா, வெறும் உப்புக்கா என்பதைப் பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. எந்த வெப்பநிலைக்கு, பிழை வரம்பு எவ்வளவு என்பதும் அப்படியே. மூன்று வரி அச்சடித்தால் முடிகிற காரியம். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கடைக்காரர் மேசையில் ஒரு புட்டி சோதனைக் கரைசல் வைத்து, வாங்குபவர் கண்ணெதிரே ஒரு சொட்டு விட்டுக் காட்டலாம். கேட்டு வாங்குபவர்கள் பெருகினால் கடைக்காரர் காட்டியே தீர வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், புதிதாகத் தொடங்குபவருக்குப் பல ஆயிரம் ரூபாய் டிஜிட்டல் கருவி அவசியமில்லை. சாதாரண ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று, கடல்நீர்ச் சோதனைக் கரைசல் ஒரு புட்டி, முடிந்தால் 25 டிகிரிக் கண்ணாடி மிதவை ஒன்று. இவை மூன்றும் சேர்ந்து தனியொரு விலையுயர்ந்த கருவியைவிட நம்பகமானவை, ஒன்று தவறினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதால். வெள்ளைப்புள்ளி நோய் வந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து உப்பை 12 பிபிடி அளவுக்கு இறக்கி வாரக்கணக்கில் நிறுத்தும் வைத்தியம் செய்பவர்கள் மட்டும் பூஜ்யத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். அங்கே நாலைந்து பிபிடி கூடினால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும்.

சரிபார்த்த அன்று தொட்டி 32-இல் இருப்பது தெரியவந்தால் பதறி உப்பைக் கொட்டக் கூடாது. உப்பு இறங்குவதைத் தாங்கும் அளவுக்கு, திடீரென்று ஏறுவதை மீன் தாங்காது. வற்றும் நீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் 35 பிபிடி உப்பு நீரை ஊற்றினால் போதும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டர் என்றால் நாளுக்கு அரை பிபிடி ஏறும். ஆறு நாளில் 35 வந்துவிடும்; ஏழாம் நாள் முதல் பழையபடி ஆர்.ஓ. தண்ணீர்.